காப்பு கட்டுவதற்கு முதல் நாள்

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கெல்லாம் வசந்தா பையைக் கட்டிக்கொண்டுவந்து வாசற்படி ஓரமாக வைத்துவிட்டாள்.

இட்லித் தட்டில் மாவு ஊற்றிக்கொண்டிருந்த கமலா, கரண்டியும் கையுமாக வெளியே வந்தாள்.

"என்னா சம்பந்தியம்மா இது?"

"கிளம்புறேங்க சம்பந்தியம்மா. பதினோரு மணிக்கு எங்க ஊருப் பக்கம் நேரா ஒரு பஸ்ஸு இருக்கு. மல்லாட்டைக் கொல்லையில களை மண்டிப்போச்சாம். ராஜவேலு நேத்து போன் பண்ணிச் சொன்னான்."

களையாவது, நிலக்கடலைக் கொல்லையாவது! வசந்தாவின் போன் முந்தாநாளிலிருந்து சார்ஜ் இல்லாமல் டிவி மேல் செத்துக் கிடக்கிறது. மகன் எதில் கூப்பிட்டானாம்? கமலாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. சம்பந்தியாயிற்றே என்று விழுங்கிக்கொண்டாள்.

முத்தியால்பேட்டையில் இருக்கும் இந்த வீட்டை இன்றுதான் எட்டிப் பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கமலாவுக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் கலைவாணன், பாண்டிச்சேரியைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களுக்குக் கார் ஓட்டுகிறான். அவன் மனைவி பூர்ணிமா. அந்தப் பூர்ணிமாவைப் பெற்றவள்தான் வசந்தா. திருக்கோவிலூர்ப் பக்கம் ஒரு கிராமம். வீட்டுக்காரர் போய் எட்டு வருஷம் ஆகிறது.

இரண்டு மாதம் முன்பு வசந்தாவின் மார்பிலிருந்த கட்டியை விழுப்புரத்தில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். மேற்கொண்டு என்ன வைத்தியம் என்று கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் காட்டச் சொன்னார்கள். அதற்காகத் திங்கள்கிழமை விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். அன்றைக்குப் பூர்ணிமா லீவு போட்டுக் கூடப் போனாள். ஸ்கேன் எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை வசந்தா தனியாகப் போய்விட்டு வந்தாள். "மாத்திர எழுதிக் குடுத்துட்டாங்க. ஒரு மாசம் கழிச்சு வந்து காட்டுனாப் போதும்" என்றாள். வீடே ஒரு பெருமூச்சு விட்டது.

அதோடு விஷயம் முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாமே" என்றாள் கமலா.

"இல்லீங்க, கிளம்பணும்" என்றாள் வசந்தா.

இதில்தான் வம்பே. இருந்துவிட்டுப் போங்கள் என்று யார் வீட்டில்தான் சொல்லமாட்டார்கள்? மனசாரச் சொன்னாலும் அதே வார்த்தை, வாய்க்கு வந்ததைச் சொன்னாலும் அதே வார்த்தை. கேட்கிறவளுக்கு வித்தியாசம் எப்படித் தெரியும்? அதுவும் பெண்ணைக் கொடுத்த இடம். மூன்று ராத்திரிக்கு மேல் தங்கினால் மரியாதை போய்விடும் என்பது வசந்தா பிறந்த ஊரின் சட்டம். நேற்றோடு மூன்று ராத்திரி.

சரி, எத்தனை நாள் இருப்பீர்கள் என்று வந்த அன்றைக்கே கேட்டிருந்தால் ஆயிற்றே என்பீர்கள். கமலா கேட்க மாட்டாள். செத்தாலும் கேட்க மாட்டாள்.

காரணம் இருக்கிறது. கமலா இந்த வீட்டுக்கு வாழ வந்த இரண்டாம் வருஷம் அவளுடைய அம்மா மகளைப் பார்க்க வந்தாள். மத்தியானம் இலையில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது கமலாவின் மாமியார், "உங்களுக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டாள். அவ்வளவுதான். அம்மா பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டு எழுந்தாள். அதற்கப்புறம் சாகிற வரைக்கும் இந்தப் படியை மிதிக்கவில்லை. அன்றைக்குக் கமலா வைத்துக்கொண்ட வைராக்கியம் இது: என் வீட்டுக்கு வந்த யாரையும், எப்போது போகிறாய் என்று கேட்க மாட்டேன்.

உள்ளே கலைவாணன் சட்டைக்குப் பட்டன் போட்டபடி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தான். "ரெண்டு நாள் பத்தாது மேடம். ஒயிட் டவுனும் பீச்சும் பாக்கவே ஒரு நாள் ஓடிடும். போட்டிங்குக்கு ஒரு நாள், ஆரோவில்லுக்கு ஒரு நாள். மூணு நாளாப் போட்டுக்குங்க. அவசரப்பட்டுட்டுப் போயி அப்புறம் வருத்தப்படாதீங்க."

கமலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போனை வைத்ததும் அவனை அடுப்படிக்குள் இழுத்தாள்.

"ஊரு பேரு தெரியாதவங்களுக்கெல்லாம் எத்தன நாள் இருக்கணும்னு சொல்லத் தெரியுது. உங்க அத்தகிட்ட ஒரு வார்த்த சொல்லேன்டா."

"நான் எப்படிம்மா சொல்றது? மருமவன் சொன்னா நல்லாவா இருக்கும்? நீ சொல்லு."

"நான் சொல்லிட்டேன்."

"அப்ப பூர்ணிமா சொல்லட்டும்."

பூர்ணிமா சொல்லாமலா இருந்தாள்? அம்மாவின் பையிலிருந்து இரண்டு தடவை துணியை எடுத்துக் கொடியில் போட்டாள். வசந்தா இரண்டு தடவையும் மடித்து உள்ளே வைத்தாள். மாமியார் எதிரில் அதற்கு மேல் அடம்பிடிக்க அவளுக்கு வாய் வரவில்லை. ஒன்பது மணிக்கு சூப்பர் மார்க்கெட்டில் பில்லிங் கவுண்டரைத் திறக்க வேண்டும். மகள் அபியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அப்படியே போகிற வழக்கம். கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.

"நாளைக்கு ஆடி வெள்ளி. நம்ம தெருக் கோயில்ல சாயங்காலம் காப்பு கட்டுறாங்க. இருந்து கூழு குடிச்சிட்டுப் போலாம்ல" என்று கமலா கடைசியாக ஒரு முயற்சி செய்தாள்.

"அதுக்குத்தாங்க இன்னிக்கே கிளம்புறது. காப்பு கட்டிட்டா நவுர முடியாதே!"

அதுவும் உண்மைதான். மாரியம்மனுக்குக் காப்பு கட்டுகிற நேரத்தில் ஊருக்குள் இருக்கிறவர்கள், திருவிழா முடிகிற வரைக்கும் வேறு ஊரில் போய் ராத்தங்கக் கூடாது. உள்ளூர்க்காரன், விருந்தாளி என்ற பேதமெல்லாம் அம்மனுக்குக் கிடையாது. இந்தத் தெருவில் திருவிழா பத்து நாள்.

கமலா அதற்கு மேல் மல்லுக்கட்டவில்லை. உள்ளே போய், மடிப்புக் கலையாத ஒரு புடவையைத் தட்டில் வைத்து, இரண்டு சீப்பு வாழைப்பழமும் வைத்து எடுத்து வந்தாள். அரக்கில் மஞ்சள் கரை. வந்த சம்பந்தியை வெறுங்கையோடு அனுப்பலாமா?

வசந்தா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். ஆனால் பிரித்துப் பார்க்கவில்லை. என்ன கலர் என்றுகூடக் குனிந்து பார்க்கவில்லை. முன்பே பார்த்துவிட்ட மாதிரி பைக்குள் செருகினாள்.

கமலாவுக்குச் சுருக்கென்றது. நான் பார்த்துப் பார்த்து எடுத்த புடவை, ஒரு நல்ல வார்த்தை உண்டா? இந்த மூன்று நாளாக இப்படித்தான். இரண்டு இட்லிக்கு மேல் வைத்தால் இலையை மறைக்கிறாள். செவ்வாய்க்கிழமையிலிருந்து இந்த வீட்டுப் பாத்ரூமில் ஒரு சொம்புத் தண்ணீர் தலைக்கோ உடம்புக்கோ ஊற்றிக்கொள்ளவில்லை. முகம் கை கால் கழுவுவதோடு சரி. கேட்டால் "சளி பிடிச்சிருக்குங்க" என்கிறாள். எங்கள் வீட்டுத் தண்ணீர்கூடவா ஆகவில்லை?

பத்து மணிக்கு வசந்தா ஆட்டோ ஏறினாள். "நானும் பஸ் ஸ்டாண்டுக்கு வரேன்" என்றதற்கு வேண்டவே வேண்டாம் என்றுவிட்டாள். கமலாவும் விட்டுவிட்டாள். கொஞ்சம் கோபம்தான்.

பத்து இருபதுக்குக் கலைவாணனிடமிருந்து போன் வந்தது. பின்னால் ஒரே கூச்சல். நோணாங்குப்பம் போட் ஹவுஸில் ஐதராபாத்காரர்களை இறக்கிவிட்டு நிற்கிறானாம்.

"அம்மா, அத்த இருக்காங்களா?"

"போயி இருவது நிமிஷம் ஆவுது. ஏன்டா?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து போன் பண்ணாங்கம்மா. சீட்டுல என் நம்பர்தான் குடுத்திருக்கு. இன்னிக்குக் காலையில அத்தைக்கு மொத கரண்டு வைக்கணுமாம். ஏன் வரலன்னு கேக்குறாங்க."

"கரண்டா? மாத்திரதானடா குடுத்தாங்க?"

"மாத்திரயெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. ரேடியேஷன்னு சொல்லுவாங்கல்ல, அதான் கரண்டு. இருவத்தஞ்சு நாள் வைக்கணும். சனி ஞாயிறு கிடையாது, மத்த நாளு தெனமும் வரணும். அஞ்சு வாரம். செவ்வாக்கிழமையே அத்தகிட்ட வெவரமாச் சொல்லி, ஒடம்புல எந்த எடத்துல வைக்கணும்னு மையில கோடு போட்டு அனுப்பிருக்காங்க. கோடு அழியக் கூடாது, குளிக்காதீங்கன்னும் சொல்லி விட்டிருக்காங்க."



"வைக்கலன்னா என்னாவாம்?"

"திரும்ப வரும்ங்கிறாங்கம்மா. நாளைக்குக் காலையிலயாவது கட்டாயம் கூட்டியாரச் சொல்றாங்க. நான் இவங்கள விட்டுட்டு எப்படிம்மா வர்றது? போட்டு போயி வர ரெண்டு மணி நேரம்..."

"நீ ஒண்ணும் வர வேணாம். வையி போன."

கமலா வீட்டைப் பூட்டினாளா, பூட்டினதாக நினைத்துக்கொண்டாளா என்பது அவளுக்கே தெரியாது. நைட்டி மேல் துண்டைப் போட்டபடி தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி ஓடி வந்து புடவையைச் சுற்றிக்கொண்டாள். முதலில் கண்ணில் பட்ட ஆட்டோவில் ஏறினாள்.

"பஸ் ஸ்டாண்டு. பதினோரு மணி பஸ்ஸப் புடிக்கணும் தம்பி, கொஞ்சம் பறந்து போ."

வழி நெடுகத் தன்னையே திட்டிக்கொண்டு போனாள். சளியாம் சளி! பாவி மனுஷி, உடம்பில் கோட்டை வைத்துக்கொண்டு மூன்று வேளையும் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாளே. நான் என்னவென்றால் அவள் குளிக்கவில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பஸ் ஸ்டாண்டில் விழுப்புரம் வழி பஸ்கள் நிற்கிற இடத்தில் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டே ஓடினாள். டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்துவிட்ட பஸ்ஸில், மூன்றாவது ஜன்னலோரம் வசந்தா. மடியில் பை.

கமலா ஏறி, மூச்சு வாங்க, பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எறங்குங்க."

வசந்தா பேயைப் பார்த்த மாதிரி பார்த்தாள். "சம்பந்தியம்மா! என்னாங்க? பாப்பாவுக்கு எதுனா...?"

"பாப்பாவுக்கு ஒண்ணும் இல்ல. எறங்குங்க. ஆஸ்பத்திரிலேர்ந்து போன் வந்துச்சு."

வசந்தா பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அதற்குள் பஸ் பின்பக்கமாக நகர்ந்து, திரும்பி, ரோட்டுக்கு வந்துவிட்டது.

கண்டக்டர் வந்தார். "எங்கம்மா?"

"வில்லியனூர் ரெண்டு" என்றாள் கமலா.

"எனக்குத் திருக்கோவிலூர் ஒண்ணு" என்றாள் வசந்தா.

கண்டக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "மொத்தம் ரெண்டா, மூணாம்மா?"

"ரெண்டுதான். வில்லியனூர் வர்றதுக்குள்ள இவங்கள எறக்கிடுவேன். நீங்க கிழிங்க."

முன் சீட்டில் பூக்கூடையோடு இருந்த அம்மாள் வெளிப்படையாகவே திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பார்த்தால் பார்க்கட்டும்.

"ஏன் பொய் சொன்னீங்க?" என்றாள் கமலா.

வசந்தா பையின் காதைத் திருகினாள்.

"என்னையத்தான் ஏமாத்துனீங்க, சரி. பெத்த பொண்ணையுமா? ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிடுச்சின்னா அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? எங்க அம்மாவ ஒரு வாரம் வச்சிப் பாக்க உனக்கு மனசில்லையான்னு என்னத்தான கேப்பா?"

"சொல்லணும்னுதாங்க வந்தேன்." வசந்தாவின் குரல் பஸ் சத்தத்தில் பாதிதான் கேட்டது. "செவ்வாக்கிழமை சீட்ட எடுத்துக்கிட்டு, சம்பந்தியம்மாகிட்டத்தான் மொதல்ல சொல்லணும்னு வழியெல்லாம் நெனச்சிக்கிட்டே வந்தேன். நீங்க பால் வாங்கப் போயிருந்தீங்க. ரவிக்க மாத்தலாம்னு ரூமுக்குள்ள போனேன். போத்திக்கிற பெட்ஷீட்டு எடுக்க அலமாரியத் தொறந்தேன். மேலயே இருந்திச்சி."

"என்னா இருந்திச்சி?"

"புடவ."

கமலாவுக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை.

"வழியனுப்புற புடவய செவ்வாக்கிழமையே எடுத்து வச்சிட்டீங்களே சம்பந்தியம்மா. நான் வந்து ரெண்டாம் நாளு. சரி, நம்ம நாளு முடிஞ்சிது, அவங்க வாயால சொல்ல முடியாம எடுத்து வச்சிருக்காங்கன்னு நெனச்சேன். அதுக்கு மேல அஞ்சு வாரம் இருக்கணும்னு எந்த வாயால சொல்லுவேன்?"

"அட கடவுளே!" என்று கமலா தலையில் அடித்துக்கொண்ட வேகத்தில் பூக்கூடை அம்மாள் பதறிப்போனாள். "அது ஆடித் தள்ளுபடிங்க! செவ்வாக்கிழமை கடைசி நாளுன்னு காலையிலயே எதுத்த வீட்டு அம்மா இழுத்துக்கிட்டுப் போனாங்க. அரக்கு உங்க நெறத்துக்கு எடுப்பா இருக்குமேன்னு எடுத்தேன். நீங்க ஒரு வருஷம் கழிச்சுப் போயிருந்தா ஒரு வருஷம் கழிச்சுக் குடுத்திருப்பேன். உங்களைத் தொரத்தவா புடவ எடுப்பேன்?"

வசந்தா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

கமலாவுக்கும் கண் நிறைந்துவிட்டது. எத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த வைராக்கியம்! என் மாமியார் வாயால் கேட்டதை, நான் ஒரு புடவையால் கேட்டிருக்கிறேன். கேட்காமல் இருந்துவிட்டால் போதும், வந்தவள் மனசு நோகாது என்று இருந்துவிட்டேனே. எத்தனை முட்டாள் நான்.

"அது மட்டும் இல்லீங்க" என்றாள் வசந்தா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே. "ஆடி முடிஞ்சதும் உங்க பொண்ணு பெரசவத்துக்கு வருது. இருக்கிறது ஒரு ரூமு. தலைச்சன் புள்ள. அது எங்க படுக்கும், நான் எங்க படுப்பேன்?"

கமலாவின் மகள் செந்தமிழ்ச்செல்வி கடலூரில் வாழ்க்கைப்பட்டவள். எட்டு மாதம். ஆடியில் வேண்டாம், ஆவணி பிறந்ததும் வருகிறேன் என்று சொல்லியிருந்தாள். அது உண்மை. அந்த ஒரே ரூமை அவளுக்கென்று வெள்ளையடித்து வைத்ததும் உண்மை.

"அது என் கவல. நான் பாத்துக்கறேன்."

"ஊருல என்னா பேசுவாங்க? பொண்ணு வீட்டுல போயி குந்திக்கிட்டா பாருன்னு..."

"எது பொண்ணு வீடு?" கமலாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "வீட்டு வரி ரசீதக் கொண்டாந்து காட்டவா? என் பேருதான் இருக்கு. உங்க பொண்ணும் மாப்பிள்ளையும் என் வீட்டுல இருக்காங்க. நீங்களும் என் வீட்டுலதான் இருக்கப் போறீங்க. கேக்குறவங்கள என்கிட்ட அனுப்பி வைங்க."

பூக்கூடை அம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. வசந்தாவுக்கும் உதட்டோரம் லேசாக என்னவோ வந்து போயிற்று. ஆனாலும் அவள் தலையை ஆட்டினாள்.

"வேணாங்க. ஆபரேசன் ஆயிப்போச்சில்ல, அது போதும். எனக்கும் வயசாச்சி."

"ஐம்பத்தி நாலு ஒரு வயசா?"

"மனசு விட்டுப்போச்சிங்க."

கமலா அவளையே பார்த்தாள். ரவிக்கைக் கழுத்தின் ஓரத்தில், முந்தானை விலகிய இடத்தில், ஊதா மையில் ஒரு கோடு தெரிந்தது. வியர்வையில் கொஞ்சம் கசிந்திருந்தது. கோட்டின் மேல் படாமல் இருக்க அந்தப் பக்கத்துத் தோளில் முந்தானையை அழுத்தாமல், மடித்த கைக்குட்டையை இடையில் கொடுத்திருந்தாள்.



"மனசு விட்டுப்போனவங்க எதுக்கு அந்தக் கோட்ட அழிக்காம வச்சிருக்கீங்க?"

வசந்தாவின் கை சட்டென்று கழுத்துக்குப் போயிற்று.

"மூணு நாளு. இந்தப் புழுக்கத்துல. தெனம் ரெண்டு வேள தலை முழுகுற மனுஷி நீங்க. ஒரு சொம்பு தண்ணி ஊத்துனா அழிஞ்சிருக்கும். ஏன் ஊத்தல?"

வசந்தா உடைந்து அழுதாள். நாலு பேர் பார்க்கிறார்களே என்று எதற்கெடுத்தாலும் கூசுகிறவள், பஸ் நிறைய ஆள் பார்க்க, கமலாவின் தோளில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள்.

"பயமா இருக்குதுங்க. எனக்குச் சாவப் புடிக்கலீங்க."

"யாரு உங்களைச் சாவச் சொன்னா?" என்று அதட்டினாள் கமலா. அதட்டலோடு சேர்ந்து அவளுக்கும் அழுகை வந்துவிட்டது.

அரும்பார்த்தபுரம் தாண்டியாயிற்று. கண்டக்டர் அவர்கள் சீட்டுப் பக்கம் வந்தவர், எதுவும் கேட்காமல் தாண்டிப் போனார். கமலா முந்தானையால் வசந்தாவின் முகத்தைத் துடைத்துவிட்டாள். கோட்டின் மேல் பட்டுவிடப்போகிறது என்று ஜாக்கிரதையாகத் துடைத்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"நான் என் வீட்டுக்கு வந்த யாரையும் இது வரைக்கும் இந்த வார்த்த கேட்டதில்ல. இன்னிக்குக் கேக்குறேன். தப்பா எடுத்துக்காதீங்க. எத்தன நாளு இருப்பீங்க சம்பந்தியம்மா?"

வசந்தா அவள் முகத்தை ஏறிட்டுப் பார்த்தாள். விரலை மடக்கினாள். ஏதோ கணக்குப் போட்டாள்.

"இருவத்தஞ்சு நாளு. நடுவுல சனி ஞாயிறு சேத்துக்கணும். அதுக்கு மேல ஒரு நாளு இருக்க மாட்டேன், சொல்லிட்டேன்."

"நாளைக்குக் காப்பு கட்டுறாங்க. மொத பத்து நாளு அம்மன் பொறுப்பு, நீங்க தாண்ட முடியாது. மிச்ச நாளு என் பொறுப்பு. எந்திரிங்க, வில்லியனூர் வந்துடுச்சி."

இறங்கும்போது கண்டக்டர் வசந்தாவின் பையை வாங்கிக் கீழே கொடுத்தார். "பாத்துப் போங்கம்மா" என்று விசில் கொடுத்தார். இரண்டு பேரும் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் வந்து, டீக்கடையில் ஆளுக்கொரு டீயும் வடையும் வாங்கிக்கொண்டார்கள். வசந்தா இரண்டாவது வடையும் கேட்டாள். இந்த நாலு நாளில் அவள் தானாகக் கேட்டு வாங்கிய முதல் பண்டம் அதுதான்.

சாயங்காலம் வேலை முடிந்து வந்த பூர்ணிமா, வாசலில் அம்மாவின் செருப்பைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். நடந்ததையெல்லாம் கமலா ஒன்று விடாமல் சொன்னாள். பூர்ணிமா முதலில் அம்மாவைப் பிடித்துக் கத்தினாள். அப்புறம் அழுதாள். அப்புறம் சமையல்கட்டில் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத்த, நான்..."

"சும்மா இருடி. அந்தக் கத்திரிக்காய நறுக்கு. காலையில ஆறு மணிக்கெல்லாம் கோரிமேட்டுக்குக் கிளம்பணும். நானும் வரேன்."

கலைவாணன் வந்து, தினம் காலையில் அத்தையை அவனே வண்டியில் விட்டுவிட்டு அப்புறம்தான் சவாரி எடுப்பதாகச் சொன்னான். அபிக்குத்தான் ஏகக் கொண்டாட்டம். "ஆயா போவலையா? ஜாலி!" என்று ரூமுக்கும் வாசலுக்கும் ஓடினாள். வசந்தா பையிலிருந்த துணிகளை எடுத்து, வெள்ளையடித்த அந்த ரூமின் அலமாரியில் அடுக்கினாள். கமலாதான் கூடவே நின்று அடுக்கச் சொன்னாள்.

விளக்கு வைத்து முடிந்ததும் கமலா போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குப் போனாள். இதைத் தள்ளிப்போடக் கூடாது. நாளைக்கு யார் வாய் மூலமாவது போய்ச் சேருவதைவிடத் தானே சொல்லிவிடுவது நல்லது.

செல்வி இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். "அம்மா! இப்பதான் நெனச்சேன். காலு ரெண்டும் வீங்கிக் கெடக்கு. எப்படா ஆடி முடியும்னு இருக்கு."

கமலா மெதுவாக ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆஸ்பத்திரி, கரண்டு, அஞ்சு வாரம். செல்வி "ஐயோ பாவம்மா" என்றாள். "நல்லா பாத்துக்குங்கம்மா" என்றாள். மனசாரத்தான் சொன்னாள்.

"அதான் செல்வி, அந்த ரூமு... அவங்களுக்குப் படுத்து எழுந்திரிக்கத் தோதா இருக்கும். நீ வந்தப்புறம் ஒரு ரெண்டு வாரம் நீயும் நானும் ஹால்ல கட்டில் போட்டு..."

கமலா போனை மறு காதுக்கு மாற்றினாள்.

"செல்வி?"

"ஹால்லயா? அண்ணனும் அண்ணியும் அங்கதானம்மா படுப்பாங்க?"

"அவங்க மாடியில கீத்துக் கொட்டாயில படுத்துக்குவாங்க. எல்லாம் பேசிட்டோம்."

"எல்லாம் பேசிட்டீங்க" என்றாள் செல்வி. குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் கமலா சமாளித்திருப்பாள். "சரிம்மா. அவங்களுக்கு முடியல, அவங்க இருக்கட்டும். நான் வந்தா எத்தன நாளு இருக்கட்டும்னு நீயே பாத்துச் சொல்லு. அதுக்குத் தகுந்த மாதிரி துணி எடுத்து வைக்கிறேன்."

"ஏன்டி அப்படிப் பேசுற? உன் வீடுடி இது..."

போன் கட்டாகிவிட்டது. திரும்பப் போட்டாள். எடுக்கவில்லை. இன்னொரு தடவையும் போட்டாள்.

கமலா படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அபி எதற்கோ சிரிக்கிற சத்தம் கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். ரூம் வாசலில் வசந்தா பாதி மடித்த துணியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"பொண்ணுகிட்டப் பேசுனீங்களா சம்பந்தியம்மா? என்னா சொல்லிச்சி? வருத்தப்பட்டுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் கமலா. "உங்களை ரொம்ப விசாரிச்சா."